தரையிலிருந்து தூக்குவது

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டை விட்டு வெளியே வந்து ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான், துண்டு இன்னும் இடுப்பில் கட்டியபடியே இருப்பதைக் கவனித்தேன். காலையில் நனைத்துக் கட்டியது. நடந்த வெயிலில் காய்ந்து அட்டை மாதிரி விறைத்திருந்தது. முடிச்சு முதுகுப் பக்கம் இருந்தது. கையைப் பின்னால் கொண்டுபோய் நகத்தால் நிமிண்டிப் பார்த்தேன். இடுப்பு சுண்டியது. அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.

மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் துண்டு கட்டுவார்கள். அதைத் தானாகக் கட்டிக்கொள்ள முடியாது. துண்டை நனைத்துப் பிழிந்து வயிற்றில் வைத்து, இரண்டு முனையையும் பின்னால் கொடுக்க வேண்டும். பின்னால் நிற்கிற ஆள் நம் முதுகில் முழங்காலை முட்டுக் கொடுத்து இழுப்பான். மூச்சு அடைக்கும்போது கையைத் தட்டுவோம். அப்போது முடிச்சுப் போடுவான். மூச்சு அடைத்தால் அளவு சரி என்று அர்த்தம். நான் மூட்டை தூக்கிய இருபத்தைந்து வருடமும் அதுதான் அளவு.

கட்டிவிடுகிறவன்தான் ஜோடி. அவனும் இன்னொருவனும் சேர்ந்து மூட்டையைத் தூக்கி என் முதுகில் வைப்பார்கள். நான் கொஞ்சம் குனிந்து நின்று வாங்கிக்கொள்வேன். நடந்து போய் லாரியில் சாய்ப்பேன். அப்புறம் நான் அவனுக்கு ஏற்றிவிடுவேன். மற்றவர்கள் நினைக்கிற மாதிரி மூட்டை தூக்குகிறவன் மூட்டையைத் தரையிலிருந்து தூக்குவதில்லை. நூறு கிலோவைச் சுமப்பான், நூறு கிலோவோடு பலகையில் ஏறுவான். கீழே கிடப்பதைத் தனியாக எடுக்க மாட்டான். அது அவன் வேலையில்லை. அதற்குத்தான் இன்னொருவன் இருக்கிறான்.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஜோடி வரவில்லை. அவன் மகளுக்குக் காதுகுத்து. நானும் போயிருக்கலாம், கூப்பிட்டான். விசேஷ வீடுகளில் என்னை யார் என்று சொல்லி உட்கார வைப்பார்கள் என்று யோசித்துப் போகாமல் இருந்துவிட்டேன். மதியம் கடையில் ஒரு சின்ன வெங்காய மூட்டை மட்டும் மிச்சம் கிடந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். சுற்றிப் பார்த்தேன், எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குனிந்து மூட்டை வாயின் இரண்டு காதையும் பிடித்து இழுத்தேன். மூட்டை ஒரு சாண் எழும்பியது. அதற்குள் இடுப்பில் ஏதோ இடம் மாறியது. அப்படியே மூட்டை மேல் கவிழ்ந்து படுத்தேன். லாரிக்காரர் இறங்கி வந்து பார்த்தபோதுதான் ஹாரன் நின்றது.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறதாம். டாக்டர் வயதைக் கேட்டார். நாற்பத்தேழு என்றேன். "ரெண்டு மூணு நாளைக்கு மேல படுக்காதீங்க. நடங்க. வலி குறைஞ்சதும் கனம் தூக்கப் பழகுங்க. ஆனா முறையா. உங்களுக்குக் குனியவே தெரியல," என்றார். கனம் தூக்கியே இப்படி ஆனவனைக் கனம் தூக்கச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் சுமை ஆட்கள் படுக்கும் கொட்டகையில் மூன்று வாரம் கிடந்தேன். ஜோடி காலையும் சாயங்காலமும் இட்லி வாங்கி வந்து வைத்துவிட்டுப் போவான்.

மார்க்கெட்டை விட்டுக் கிளம்பிய அன்று காலை எழுந்து, துண்டை நனைத்து அவனிடம் கொடுத்தேன். எப்போதும் போல முழங்காலை வைத்து இழுத்தான். கையைத் தட்டினேன், முடிச்சுப் போட்டான். பாதி மூட்டைதான் கட்டியிருந்தார்கள், ஐம்பது கிலோ வெங்காயம் கூட இருக்காது. முதுகில் வைத்தார்கள். இரண்டு முழங்காலும் மடங்கிவிட்டன. ஜோடி ஒரு கையால் மூட்டையையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்ணா, உக்காருங்க. நான் வேற ஆளோட ஏத்திக்கறனுங்க."

"செத்த நேரம் நின்னா சரியாயிரும்."

"ஆகாதுங்ணா." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "திங்கக்கிழம வரைக்கும் உங்க எடத்த வெச்சிருக்கறனுங்க. அதுக்கு மேல மேஸ்திரி உட மாட்டாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நான் ஏழாவது வரைதான் படித்தேன். அப்புறம் நத்தத்தில் மாம்பழக் கூடை, திருப்பூரில் துணிக்கட்டு, கேரளாவில் மரக்கட்டை, ஆயக்குடியில் கொய்யாப் பெட்டி. கல்யாணம் என்று ஒன்றும் நடந்து, முடிந்தும் போயிற்று. எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. ஒட்டன்சத்திரத்தில் மட்டும் ஐந்து வருடம். ஜோடியும் நானும் ஒரே உயரம் என்பதுதான் காரணம். உயரம் சரியாக இருந்தால் மூட்டை ஒரு பக்கம் சாயாது. அப்படி ஒரு ஆள் அமைவது சுலபமில்லை. அன்று நடக்கும்போது என் மனதில் இருந்ததும் அதுதான்: திங்கட்கிழமைக்குள் முதுகைச் சரி பண்ணிக்கொண்டு அந்த இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். துண்டை விட உறுதியான பெல்ட் ஒன்று இருக்கிறது, ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் போடுவது. யாரோ செல்போனில் காட்டியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் கிடைக்கும்.

சாலையோரம் ஒரு சுமைதாங்கிக் கல் நின்றது. இரண்டு கல் நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். ரோட்டை அகலப்படுத்தியபோது ஏனோ விட்டுவைத்திருந்தார்கள். உட்கார்ந்தால்தான் வலிக்கும் என்பதால் அதில் சாய்ந்து நின்றேன். குறுக்குக் கல் என் தோள் உயரம் இருந்தது. பையை அதன் மேல் வைத்தேன். திரும்ப எடுக்கும்போது குனிய வேண்டியிருக்கவில்லை. தனியாகச் சுமந்து வந்தவனுக்கு இறக்கிவிடவும் ஏற்றிவிடவும் ஆள் இருக்காது என்று யோசித்து அந்த உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அது வரைக்கும் எத்தனையோ சுமைதாங்கிகளைத் தாண்டிப் போயிருக்கிறேன், இதை யோசித்ததில்லை.

பஸ் வந்தது. பாதி சீட் காலி. நின்றுகொண்டே போனேன். "ஒக்காருங்க, சீட்டு சும்மாதான கெடக்கு," என்றார் கண்டக்டர் இரண்டு தடவை. மூன்றாம் தடவை சொல்லவில்லை.

திண்டுக்கல்லில் விளையாட்டுச் சாமான் கடையில் பெல்ட் கேட்டேன்.

"யாருக்குண்ணே, மகனுக்கா?"

"எனக்குத்தான்."

கடைக்காரர் என் துண்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஒரு பெல்ட்டை எடுத்துப் போட்டார். முதுகுப் பக்கம் அகலமாகவும் வயிற்றுப் பக்கம் ஒடுங்கியும் இருந்தது. பார்க்க நன்றாக இருந்தது.

"நூறு கிலோ தூக்குனா தாங்குமா?"

"பெல்ட்டு தாங்கும்ணே. நீங்க தாங்குவீகளானு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். அப்புறம் பெல்ட்டைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டார். "பின்னாடி தெருவுல ஒரு அக்கா ஜிம் வச்சிருக்கு. சாயங்காலம் நாலு மணிக்கு நாப்பது தாண்டுன ஆளுகதான் வருவாக. அங்க போட்டுப் பாத்துட்டு வாங்க. வித்தா நான் திரும்ப வாங்க மாட்டேன்."

அந்த ஜிம் முன்பு பூட்டுப் பட்டறையாக இருந்த கட்டடம். ஷட்டரில் பழைய பட்டறையின் பூட்டுப் படம் பாதி அழிந்து தெரிந்தது. உள்ளே ரப்பர் விரிப்பு, கம்பிகள், சுவரோரம் வட்ட வட்டமாக எடைத் தட்டுகள். அங்கே எல்லாரும் அதை பிளேட் என்றுதான் சொன்னார்கள். நடத்துகிற அம்மாவுக்கு என் வயது இருக்கும். பேன்ட்டும் தொளதொளப்பான சட்டையும் போட்டிருந்தார். காலேஜில் படிக்கும்போது எடை தூக்கும் போட்டிக்குப் போனவராம். இரண்டு பிள்ளை பெற்று, முதுகு போய், திரும்பத் தூக்கப் பழகி, அதன் பிறகுதான் இதை ஆரம்பித்தாராம். அதெல்லாம் அப்புறம் தெரிந்தது. அப்போது, "என்னண்ணே வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

பெல்ட் என்றேன். மார்க்கெட், மூட்டை, திங்கட்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.

"பெல்ட்டு கடைசி. மொதல்ல நீங்க எப்பிடித் தூக்குறீகனு பாக்கணும். இருங்க, அங்கிட்டு ஒருத்தருக்கு ஒண்ணு சொல்லிக் குடுத்துட்டு வாரேன்." ஒரு கம்பியைக் காட்டிவிட்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டார்.

நேரான கம்பி. இரண்டு முனையிலும் சின்னதாக இரும்பு பிளேட். மொத்தம் நாற்பது கிலோ. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆணியில் ஒரு பெல்ட் தொங்கியது. பக்கத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரை, "அண்ணே, இதச் செத்த கட்டிவிடுங்க," என்று கூப்பிட்டேன். அவருக்கு அறுபது இருக்கும். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவர். துண்டுக்கு மேலேயே பெல்ட்டைத் திருப்பிப் போட்டு, பக்கிளை முதுகுப் பக்கம் கொண்டுபோய், முழங்காலை முட்டுக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். அவர் தயங்கினார். "இழுங்கண்ணே," என்றேன். மூச்சு அடைத்ததும் கையைத் தட்டினேன்.

குனிந்தேன். கம்பி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. வெங்காய மூட்டை மாதிரியே. இழுத்தேன். வயிற்றில் மூச்சே இல்லை. முதுகு கூன் மாதிரி வளைந்தது. அதே இடம், அதே வலி. கம்பியை விட்டேன். சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது. முழங்காலில் கை வைத்து நின்றேன், நிமிர முடியவில்லை.

அந்த அம்மா ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தார். "யாரு கட்டிவிட்டது?"

"அவருதான் தாயி முட்டிய வச்சு இழுக்கச் சொன்னாரு," என்றார் பூக்கடைக்காரர். "பூச்செண்டக்கூட நான் இம்புட்டு இறுக்குனதில்ல."

"மூச்சு எங்கிட்டு போகும்? கழட்டுங்க. அது என்ன துண்டு, அதையும் கழட்டுங்க."

"முடிச்சு பின்னாடி இருக்கு," என்றேன்.

பூக்கடைக்காரர் பின்னால் வந்து நின்றார். நாள் முழுக்க நார் முடிகிற விரல். ஒரு நிமிடத்தில் அவிழ்த்துவிட்டார். துண்டு விழுந்ததும் வயிறு தானாக முன்னால் வந்தது. காலையிலிருந்து முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன். அவர் அந்தத் துண்டை மடித்து என் பையின் மேல் வைத்தார்.

என்னைத் தரையில் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பத்து நிமிடம் அப்படியே கிடக்கச் சொன்னார் அந்த அம்மா. வலி இறங்கிய பிறகு எழுப்பி, ஒவ்வொன்றாகக் காட்டினார். என் கணக்கில் அவ்வளவு நாளும் கனம் ஒன்றுதான் விஷயம். அவர் கனத்தைப் பற்றிப் பேசவே இல்லை. உயரத்தைப் பற்றிப் பேசினார். சின்ன இரும்பு பிளேட் போட்டால் கம்பி தாழ்ந்துவிடும், ஆளை ரொம்பக் குனிய வைக்கும். பெரிய ரப்பர் பிளேட் எடை குறைவாக இருந்தாலும் வட்டம் அதே அளவுதான், அதனால் கம்பி கெண்டைக்கால் நடுவுக்கு வரும். அதுவும் குனிவது கஷ்டமென்றால் இரண்டு பக்கமும் பலகைக் கட்டை வைத்துக் கம்பியை இன்னும் ஏற்றலாம். "வயசானா தரைதான் நமக்கு மேல வரணும்ணே. நம்ம தரைக்குப் போகக் கூடாது," என்றார்.

சுமைதாங்கி ஞாபகம் வந்தது.

பிறகு அறுகோணமாக வளைத்த ஒரு கம்பியை இழுத்து வந்தார். அதன் நடுவில் நிற்க வேண்டும். பிடி இரண்டு பக்கமும் இருக்கிறது, அதுவும் கம்பியை விட உயரத்தில். கனம் நமக்கு முன்னால் தொங்காது, நம் உடம்போடு சேர்ந்தே ஏறும். முதுகு போனவர்களுக்கு இதில் ஆரம்பிப்பதுதான் நல்லது என்றார். கடையில் வாங்குகிறவர்கள் எடையைத்தான் கேட்கிறார்களாம், பிடி எவ்வளவு உயரம் என்று ஒருவரும் கேட்பதில்லையாம். பிளேட் நழுவாமல் முனையில் கிளிப் போட்டார். என் காலைப் பார்த்தார்.

"செருப்பக் கழட்டுங்க. மெத்து மெத்துனு இருந்தா கால் ஆடும். வெறும் காலு போதும்."

"பெல்ட்டு?"

"கனம் கூடுனா பாக்கலாம். அதும் அந்தக் கடக்காரரு காட்டுனது வேணாம். சுத்தி ஒரே அகலமா இருக்கணும், வயித்துப் பக்கமும். பெல்ட்டு முதுகப் பிடிக்கிறதுக்கு இல்ல. நீங்க வயித்துல மூச்சப் பிடிச்சு அதும்மேல தள்ளணும். ரெண்டு விரல் உள்ள போகணும். பக்கிளு முன்னாடி இருக்கு பாருங்க. நீங்களே போட்டுக்கிரலாம். யாரும் வேணாம்."

யாரும் வேணாம் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

அறுகோணக் கம்பிக்குள் நின்றேன். நாற்பது கிலோதான், அதே கனம். இடுப்பைப் பின்னால் தள்ளு, நெஞ்சை மடக்காதே, மூச்சை வயிற்றில் வை, தரையைக் காலால் அழுத்து. கம்பி எழும்பியது. வலி இல்லை. நின்றேன். முன்னால் கண்ணாடி இருந்தது. அதில் ஒரு ஆள் எதையோ கையில் பிடித்துக்கொண்டு தனியாக நின்றான். முதுகில் எதுவும் இல்லை. பின்னாலும் யாரும் இல்லை. கனத்தோடு அப்படி நிற்கிற என்னை நான் பார்த்ததில்லை.

அடுத்து அதே கம்பியில் பூக்கடைக்காரர் இன்னும் நான்கு பிளேட் மாட்டி, எண்பது கிலோவை ஐந்து தடவை எடுத்து வைத்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்ன அப்பு அப்பிடிப் பாக்குற? ஆயுசு பூரா நான் தூக்குனது பூவுதான். அதான் முதுகு புதுசா இருக்கு," என்றார்.

அந்த அம்மாவிடம் கேட்டேன், "திங்கக்கிழம மூட்டை தூக்கலாமா?"

அவர் பிளேட்டைக் கழற்றி முடித்துவிட்டுச் சொன்னார். "இதுக்குப் பிடி இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே கனம். ஒசரத்த நம்ம வச்சுக்கிரலாம். வலிச்சா கீழ போட்டுறலாம். மூட்டையில இதுல ஒண்ணாச்சும் இருக்கா? ஒழுங்காச் செஞ்சீகன்னா நல்லா நடப்பீக, குனிவீக, தண்ணிக் கொடம் தூக்குவீக. நூறு கிலோ மூட்டைக்குத் திரும்பப் போகலாம்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ற ஆளு கெடைப்பாக. பாத்துக்கங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டேன். பையை எடுக்கும்போது, அவர் சொன்ன மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளி எடுத்தேன். அவர் பார்த்தார்.

"எங்க போறீக?"

"தெரியல."

"அப்பு, இங்கயே நில்லு," என்றார் பூக்கடைக்காரர். "பிளேட்ட எடுத்து வைக்க ஆளில்லாம இந்தப் பிள்ள தனியாத் தவிக்கிது."

"காலையில அஞ்சு மணிக்கு வர்ற கூட்டம் எல்லாத்தையும் அங்கங்க போட்டுட்டுப் போயிரும்," என்றார் அந்த அம்மா. "எடுத்து வைக்கணும், கம்பியத் தொடைக்கணும், கூட்டணும். ஆனா ஒண்ணொண்ணாத்தான் தூக்கணும், நான் காட்டுன மாதிரி. ரெண்டச் சேத்துத் தூக்குனா அன்னைக்கே அனுப்பிருவேன்."

காலையில் சொல்கிறேன் என்று கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றபடி ஜோடிக்குப் போன் போட்டேன். பின்னால் மார்க்கெட் சத்தம் கேட்டது.

"சாப்டீங்ளாண்ணா?"

"சாப்டேன்." சாப்பிடவில்லை.

"முதுகுங்க?"

"இருக்கு. என் எடத்த வேற ஆளுக்குக் குடுத்துரு. திங்கக்கிழம வரைக்கும் வேணாம்."

யாரோ தூக்கு தூக்கு என்று கத்துவது கேட்டது. பிறகு, "ஒருத்தர இன்னைக்கு நிறுத்திப் பார்த்தனுங்க. ஆளு நல்ல ஆளுங்க. ஒசரந்தான் கொஞ்சம் கம்மி. மூட்ட அவரு பக்கம் சாயுதுங்க," என்றான்.

"அவன் காலுக்குக் கீழ ஒரு பலகயப் போடு. ஏத்திவிடறப்ப அதுல நிக்கச் சொல்லு."

"அட, ஆமாங்க," என்றான். அவன் குரலில் நிம்மதி தெரிந்தது. "நீங்க எப்பங்ணா வர்றீங்க?"

வருகிறேன் என்றேன். எப்போது என்று அவனும் திரும்பக் கேட்கவில்லை. அந்த இரவு பஸ் ஸ்டாண்டில் போயிற்று. துண்டைப் போர்த்திக்கொண்டேன். நீளம் பற்றவில்லை.

விடிந்து நான் போனபோது ஷட்டர் பாதி திறந்திருந்தது. முதல் கூட்டம் வந்துபோய்விட்டது. ரப்பர் விரிப்பு முழுக்க பிளேட்டுகள் சிதறிக் கிடந்தன, சிலது சுவரில் சாய்ந்து, சிலது குப்புற. அந்த அம்மா கையில் விளக்குமாறோடு நின்றவர் என்னைப் பார்த்ததும் அதை ஓரமாக வைத்தார். "மொதல்ல பெரிசு," என்றார். செருப்பை வெளியே கழற்றினேன். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு இருபது கிலோ பிளேட் தட்டையாகக் கிடந்தது. ஒரு பக்கத்தை நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பைப் பின்னால் தள்ளி, மூச்சை வயிற்றில் வைத்துத் தூக்கினேன். கொண்டுபோய் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, அடுத்ததற்கு வந்தேன்.